குமாஸ்தா மூனும் புல்லெகூர் யுத்தமும்

ஆஸ்திரேலியப் போர்வீரனைப் பற்றி உலகம் அறிந்திருக்கும் சித்திரம் பெரும்பாலும் சார்லஸ் பீன் என்னும் ஒரு பத்திரிகையாளர் தீட்டியதாகும். 1914-ஆம் ஆண்டில் மூண்ட மகா யுத்தத்துக்கு ஆஸ்திரேலிய சர்க்காரின் அதிகாரபூர்வமான நிருபராகச் சென்று, கலிப்பொலியிலும் பிரான்ஸிலும் துருப்புகளின் நடுவே வாழ்ந்து, யுத்தம் முடிந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட யுத்த சரித்திரத்தைப் பதிப்பித்து, அவற்றுள் ஆறு தொகுதிகளைத் தாமே எழுதிய அம்மனிதரின் உழைப்பை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. பரந்த புல்வெளிகளிலும் யூகலிப்டஸ் காடுகளிலும் தனித்து நின்று, தீயோடும் வறட்சியோடும் போராடி, எவருக்கும் தலைவணங்காத சுபாவத்தைப் பெற்ற நாட்டுப்புறத்தானே ஆஸ்திரேலியச் சேனையின் உயிர்நாடி என்றும், நகரவாசிகளுக்கும் அந்தக் குணம் ஓரளவு தொற்றிக்கொண்டது என்றும் அவர் கருதினார். அந்தச் சித்தாந்தத்துக்கு உதாரணங்கள் கிடைக்காமலில்லை. காட்டிலாகாவில் கூலிவேலை பார்த்த ஆல்பர்ட் ஜாக்கா, மேற்கு ஆஸ்திரேலியாவின் வனாந்தரங்களில் பொன் தேடித் திரிந்த பெர்ஸி பிளாக், அதே பிரதேசத்தில் மரம் வெட்டுவோரை வைத்து வேலை வாங்கிய ஹாரி மர்ரே ஆகிய மூவரும் பீனின் சித்திரத்துக்கு உயிரளிக்கவென்றே பிறந்தவர்கள் போலத் தோன்றுகிறார்கள்.

இருப்பினும் அக்காலத்து ஆஸ்திரேலியா வெறும் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த தேசமன்று. அதன் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அரை டஜன் தலைநகரங்களில் நெருங்கி வாழ்ந்தனர். சேனையில் சேர்ந்தவர்களிலும் தொழிற்சாலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள் முதலியோர் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ரூபர்ட் வான்ஸ் மூன் என்னும் பாங்கு குமாஸ்தாவின் யுத்த சேவையை ஆராய்ந்து பார்த்தால், பீனின் சித்தாந்தம் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது ஓரளவு விளங்கும். அவருடைய தீரச்செயலை உலகறியச் செய்தவர்களுள் பீனும் ஒருவர் என்பது இங்கே மறக்கத்தக்கதன்று.

மூன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி விக்டோரியா மாகாணத்தில், மெல்போர்னுக்கு மேற்கேயுள்ள பாக்கஸ் மார்ஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் பாங்கு உத்தியோகஸ்தரே. இன்ஸ்பெக்டர் பதவி வரை உயர்ந்தவர். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் ஆஸ்திரேலியா முழுவதையும் ஒரு பெரும் பண நெருக்கடி உலுக்கியது. நில வியாபாரத்தில் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்திருந்த பாங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. 1858-இல் மெல்போர்னில் ஸ்தாபிதமாகிப் பெரும்பேர் பெற்றிருந்த நேஷனல் பாங்க் ஆப் ஆஸ்திரலேஷியாவும் 1893 மே மாதம் 1-ஆம் தேதி பட்டுவாடாவை நிறுத்தியது. பிற்பாடு அது மீண்டும் திறக்கப்பட்டு நிமிர்ந்து நின்றதென்றாலும், அந்த அனுபவத்தின் தழும்பு ஒரு தலைமுறைக் காலம் பாங்கு நிர்வாகிகளின் மனத்தில் இருந்தது. சிக்கனம், எச்சரிக்கை, அடக்கம், மேலதிகாரியின் சொல்லுக்கு மறுசொல் பேசாமை ஆகியவையே அதன்பின் பாங்கு உத்தியோகத்தின் தர்மங்களாயின. கைனெட்டன் நகரத்து கிராமர் ஸ்கூலில் படிப்பை முடித்துக்கொண்டு, தம் பதினாறாவது வயதில் மூன் சேவகத்தில் அமர்ந்ததும் அதே நேஷனல் பாங்கில்தான்.

அக்காலத்து ஆஸ்திரேலிய பாங்கு குமாஸ்தாவின் வாழ்க்கை எத்தகையதென்பதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம். பள்ளியிலிருந்து நேரே வரும் பையன் முதலில் தபால்களைப் பிரித்தடுக்குவதும், கடிதங்களுக்கு நகலெடுப்பதும், பேரேடுகளைச் சரிபார்ப்பதுமாகக் காலத்தைக் கழிப்பான். சாயங்காலக் கணக்கில் ஒரு பென்னி குறைந்தாலும் அது அகப்படும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகலாகாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை ஒரு கிளையிலிருந்து வேறொரு கிளைக்கு மாற்றல் வரும். சம்பளம் ஒரு குறிப்பிட்ட வரம்பை எட்டாதவரை கலியாணம் செய்துகொள்ளவும் பாங்கின் சம்மதம் வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்ற வருமானம் போதாத குமாஸ்தாவின் கண்கள் பெட்டிப்பணத்தின்மேல் திரும்பும் என்ற அச்சமே அவ்விதிக்குக் காரணம். உடுப்பில் சுத்தமும் ஊரில் நற்பெயரும் இன்றியமையாதவை. கௌரவமான உத்தியோகமென்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஓர் இளைஞனின் ரத்தத்தைச் சூடேற்றக்கூடியது எதுவுமில்லை. ஆகவே இவ்வகை இளைஞர்கள் பலர் ஓய்வு நேரத்தில் உள்ளூர்த் தொண்டர் படைகளில் சேர்ந்து குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றனர். மூனும் அவ்வாறே பயிற்சி பெற்றவர். யுத்தம் பிரகடனமானது ஆகஸ்டு 4-இல். அவர் பெயரைப் பதிவு செய்துகொண்டது அம்மாதம் 21-ஆம் தேதி. இருபத்திரண்டு வயது நிரம்பி ஒரு வாரமே ஆகியிருந்தது.

ஆஸ்திரேலியச் சேனை முழுவதும் தாமாக முன்வந்தவர்களைக் கொண்டே திரட்டப்பட்டது. கட்டாயச் சேவையை வெளிநாட்டு யுத்தத்துக்கு விஸ்தரிப்பதா என்ற கேள்வி 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலுமாக இரண்டு தடவை ஜனங்களின் வாக்குக்கு விடப்பட்டு, இரண்டு தடவையும் தோற்றது. சாதாரணச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் சம்பளம். அதில் ஒரு ஷில்லிங் சேவை முடிந்த பிறகே கையில் வரும். ஒரு ஷில்லிங் மட்டுமே பெற்ற பிரிட்டிஷ் சிப்பாயின் கண்ணுக்கு இது செல்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும், மூனைப் போன்ற குமாஸ்தாக்களைப் பணம் இழுத்துச் சென்றதென்று கூறுவதற்கு ஆதாரமில்லை. சாம்ராஜ்யத்தின்மேல் அவர்களுக்கிருந்த பக்தி உண்மையானது. பேரேட்டின் பிடியிலிருந்து விடுபடும் ஆவலும் அதே அளவு உண்மையானது. இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்ப்பது சரித்திராசிரியனுக்கு எளிதாக இருக்கலாம். அந்த இளைஞர்களுக்கு அது சாத்தியமாக இருந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது லைட் ஹார்ஸ் ரெஜிமென்ட்டில் சாமானியக் குதிரைவீரராகச் சேர்ந்த மூன், மெல்போர்னிலிருந்து 1914 அக்டோபரில் கப்பலேறினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்தில் ஒன்றுகூடி நவம்பர் 1-ஆம் தேதி புறப்பட்ட முப்பத்தெட்டுக் கப்பல்களில் அவருடைய ரெஜிமென்ட்டை ஏற்றிய கப்பலும் ஒன்று. தமிழ் வாசகர்களுக்கு இந்த யாத்திரையில் ஒரு தனிச் சுவை உண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப் பட்டணத்தையே கதிகலங்கச் செய்த ஜெர்மன் கப்பலான எம்டனைக் கோகோஸ் தீவுகளின் அருகே நவம்பர் 9-ஆம் தேதி நொறுக்கி ஒழித்தது, இந்தக் கப்பற்கூட்டத்துக்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பலே. வழியில் கொழும்பில் தங்கிக் கூட்டம் எகிப்துக்குச் சென்றது. நம் பாட்டன்மார் திண்ணைகளில் பேசிப் பேசி வளர்த்த அந்த எம்டன் கதையின் மறுமுனையில் விக்டோரியா நாட்டு பாங்கு குமாஸ்தா ஒருவர் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தார்!

கலிப்பொலியைப் பற்றி விரித்துரைக்க இங்கே இடமில்லை. குதிரைகளை எகிப்திலேயே விட்டுவிட்டுக் காலாட்களாக 1915 மே மாதத்தில் அக்கரடுமுரடான கரையில் இறங்கிய லைட் ஹார்ஸ் வீரர்கள், ஈயும் தாகமும் சீதபேதியும் துருக்கியரின் குண்டுகளும் சேர்ந்து வாட்ட, டிசம்பரில் அத்தலம் காலி செய்யப்படும்வரை மலைச்சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருந்தனர். மூன் அங்கே பெயரெடுக்கவில்லை, உயிரோடு திரும்பினார். அதன்பின் பிரான்ஸுக்கு மாற்றப்பட்டு, 1916 செப்டம்பரில் 58-ஆவது பட்டாளத்தில் செகண்டு லெப்டினென்ட்டாக உத்தியோக நியமனம் பெற்றார்.

இந்த நியமனம் கவனிக்கத்தக்கது. அதிகாரிகளைப் பெரும்பாலும் சிப்பாய்களின் வரிசையிலிருந்தே பொறுக்கி எடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியச் சேனையில் வேரூன்றிக் கொண்டிருந்தது. அப்படிப் பொறுக்கும்போது நல்ல கையெழுத்தும் கணக்கறிவும் அறிக்கை எழுதும் பழக்கமும் உள்ள குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் மேலே வந்தது இயல்பு. ஆனால் கல்வி இருப்பது வேறு, ஆட்களைச் சாவின் முகத்துக்கு நடத்திச் செல்வது வேறு. மெலிந்த தேகமும் கூச்ச சுபாவமும் கொண்ட மூன், தன்னம்பிக்கை குறைந்தவராகத் தோன்றியதால், அவர் தலைமைக்குத் தகுந்தவர்தாமா என்ற ஐயம் பட்டாளத்து மேலிடத்தில் இருந்ததாகக் கூறுவர். அவர் போய்ச் சேர்ந்த பட்டாளமும் இலேசானதன்று. அவ்வாண்டு ஜூலை 19-ஆம் தேதி பிரோமெல் என்னுமிடத்தில் ஐந்தாவது டிவிஷன் ஓர் இரவில் ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பலியும் காயமுமாக இழந்திருந்தது; 58-ஆவது பட்டாளம் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அதன் பிரிகேடின் தலைவர் பாம்ப்பி எலியட் என்று சிப்பாய்கள் அச்சத்தோடும் அன்போடும் அழைத்த எலியட். தவறு செய்தவனை வாய் ஓயாமல் வைகிறவர், தம்முடைய ஆட்கள் வீணாகச் சாவதைக் கண்டால் கண்ணீர் விடுகிறவர். இத்தகைய சூழ்நிலையில் கூச்சம் நிறைந்த ஓர் இளம் அதிகாரியின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

1917-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் தாங்களாகவே பின்வாங்கி, ஹிண்டன்பர்க் கோடு என்று பிரிட்டிஷார் அழைத்த, முன்கூட்டியே கட்டி முடித்திருந்த அரண் வரிசைக்குள் புகுந்துகொண்டனர். அகன்ற முட்கம்பி வேலிகளும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆழமான பதுங்குகுழி வரிசைகளும், பூமிக்கடியில் குண்டு துளைக்காத நிலவறைகளும் கொண்ட அந்த அரணில், அராஸ் நகருக்குத் தென்கிழக்கேயுள்ள புல்லெகூர் கிராமம் ஒரு கணு. ஐந்தாவது சேனையின் தளகர்த்தரான காஃப் என்னும் பிரிட்டிஷ் ஜெனரல் அவசரப் புத்திக்குப் பேர்போனவர். ஏப்ரல் 11-ஆம் தேதி விடியற்காலையில், பீரங்கித் தயாரிப்பை நம்பாமல் பன்னிரண்டு டாங்கிகளை நம்பி, பனி படர்ந்த வெட்டவெளியில் நான்காவது டிவிஷனை அவர் ஏவினார். டாங்கிகள் பழுதாகி நின்றன, அல்லது எரிந்தன. முட்கம்பியைத் தாண்டிப் பதுங்குகுழிகளைப் பிடித்தே விட்ட காலாட்கள், உதவிப் பீரங்கியின்றித் தத்தளித்து முடிவில் முறிந்தனர். ஏறக்குறைய மூவாயிரம் பேரைக் கொண்டு சென்ற நான்காவது பிரிகேடு 2,339 பேரை இழந்தது. ஆஸ்திரேலியர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதிகளாயினர். பெர்ஸி பிளாக் முட்கம்பியருகே மாண்டார். அவருடைய தேகம் அகப்படவேயில்லை.

இவ்வளவு நடந்த பின்னும் அதே இடத்தை அதே திசையிலிருந்து மறுபடி தாக்குவதென்று தீர்மானித்த புத்தியை என்னவென்று சொல்வது? மே 3-ஆம் தேதி தொடங்கிய இரண்டாவது யுத்தத்தில் பீரங்கிகள் இருந்தன. அதனால் ஆஸ்திரேலியர் ஹிண்டன்பர்க் கோட்டில் ஒரு சிறு துண்டைப் பிடித்து, கைக்குண்டுகளாலேயே அதை அங்குலம் அங்குலமாக இருபுறமும் நீட்டிக்கொண்டு போயினர். ஜெர்மானியர் மேன்மேலும் எதிர்த்தாக்குதல் நடத்தினர். இரண்டு டிவிஷன்கள் களைத்துப்போக, மே இரண்டாம் வாரத்தில் ஐந்தாவது டிவிஷன் உள்ளே வந்தது. பிடித்த துண்டின் இடப்பக்கம் அப்போதும் திறந்தே கிடந்தது. அதற்கும் புல்லெகூர் கிராமத்துக்கும் நடுவேயிருந்த அரண்களைப் பிடித்துக் கிராமத்தினுள் நுழையும் பிரிட்டிஷ் துருப்புகளோடு கைகோப்பதே மே 12-ஆம் தேதி 58-ஆவது பட்டாளத்துக்கு விதிக்கப்பட்ட காரியம்.

மூனின் பிளட்டூனுக்குக் கிடைத்த வேலை மூன்று படிகளைக் கொண்டது. பகைவரின் குழிக்கு முன்னால் தனியாக நின்ற யந்திரத் துப்பாக்கி அரணை முதலில் வீழ்த்த வேண்டும். அடுத்து, பின்னாலிருந்த பதுங்குகுழியைப் பிடிக்க வேண்டும். அதன்பின் மற்றப் படைகளோடு சேர்ந்து, இன்னும் பின்னாலிருந்த வலுவான நிலையத்தைத் தாக்க வேண்டும். முன்னேறத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே அவருக்கு முதற்காயம் பட்டது. எனினும் அரண் வீழ்ந்தது. குழியைத் தாக்கும்போது மறுபடி பலமாகக் காயம்பட்டுச் சற்றுநேரம் செயலற்று விழுந்தார். அவருடைய ஆட்கள் ஒரு கணம் தயங்கினர். தம்மைக் கைவிட்டுவிட வேண்டாமென்று அவர் கூவியழைக்கவே, அவர்கள் திரும்பக் கூடிக் குழிக்குள் பாய்ந்தனர் என்று பீனின் சரித்திரம் கூறுகிறது. ஆணையிட்டுப் பழகிய குரலன்று அது, இறைஞ்சும் குரல். படை நடத்தும் சாஸ்திரத்தில் அதற்கு இடமுண்டோ இல்லையோ, அன்றைக்கு அது பலித்தது.

மிஞ்சியிருந்த சொற்ப ஆட்களோடு அவர் மூன்றாவது தாக்குதலிலும் கலந்துகொண்டு மூன்றாம் முறையாகக் காயமடைந்தார். நிலவறைகளில் புகுந்த ஜெர்மானியர் வெளியே வர வழியின்றி அடைபட்டுக் கும்பலாகச் சரணடைந்தனர். கைதிகளின் எண்ணிக்கை நூற்றுக்கும் மேல். பல யந்திரத் துப்பாக்கிகளும் கைப்பற்றப்பட்டன. பிடித்த இடத்தை மண்ணெடுத்துக் கட்டிப் பலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, நான்காவது குண்டு முகத்தில் பாய்ந்து தாடையை நொறுக்கியது. அப்போதுதான் அவர் களத்தை விட்டகலச் சம்மதித்தார்.

விக்டோரியா கிராஸ் விருதுக்கான அறிக்கை ஜூன் 14-ஆம் தேதி வெளிவந்தது. எதிரியின் ஆட்பலம் மிகுந்திருந்தும் காரியம் கைகூடியதற்கும், தாக்குதலின் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டதற்கும் மூனின் தைரியமே பெரும்பாலும் காரணமென்று அது கூறுகிறது. அதில் மிகையில்லை. ஆனால் சர்க்கார் அறிக்கைகளுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு: ஒரு மனிதனுடைய செயலை அவை எவ்வளவு பிரகாசமாக ஒளிரச் செய்கின்றனவோ, அச்செயல் எதற்காகத் தேவைப்பட்டது என்ற கேள்வியை அவ்வளவுக்கு இருட்டில் தள்ளிவிடுகின்றன. மே 17-ஆம் தேதி ஜெர்மானியர் இடிபாடுகளின் குவியலாகிவிட்ட அக்கிராமத்தை விட்டு அகன்றனர். இரண்டாவது யுத்தத்தில் மட்டும் ஆஸ்திரேலியர் இழந்தவர்கள் 7,482 பேர். முதல் யுத்தத்தையும் சேர்த்தால் பதினாயிரத்துக்கு மேல். இதற்கு ஈடாகக் கிடைத்த நிலத்தால் யுத்தத்தின் போக்கில் யாதொரு மாறுதலும் விளையவில்லை. ஜெர்மன் துருப்புகளை அங்கே கட்டிப்போட்டு வைத்தது ஒரு பயன் என்று வாதிப்பவர்கள், கட்டிப்போட்ட கயிற்றின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரிட்டிஷ் தளகர்த்தர்களின் திறமைமீது ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு அதன்பின் தீராத அவநம்பிக்கை வேரூன்றியதற்குப் புல்லெகூரே முதற்காரணம் என்பது என் முடிவு.

அந்த யுத்தத்தில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள் இருவர். மே 6-ஆம் தேதி குழியின் விளிம்பின்மேல் ஓடிக்கொண்டே கைக்குண்டு எறிந்து எதிர்த்தாக்குதலை முறியடித்த கார்ப்பரல் ஜார்ஜ் ஹவல் ஒருவர். அவர் கொத்து வேலைக்காரர். மற்றவர் மூன். கொத்தனாரும் குமாஸ்தாவும்! ஜாக்காவும் பிளாக்கும் மர்ரேயும் ஏப்ரலில் நின்று போராடிய அதே மண்ணில் இவ்விருவரும் மே மாதத்தில் காட்டிய தீரத்துக்குப் புல்வெளியும் காடும் காரணமாயிருக்க முடியாது. மூன் சிற்றூரில் பிறந்தவரல்லவா, குதிரை ஏறத் தெரிந்தவரல்லவா என்று பீனின் கட்சியார் கேட்கலாம். சிற்றூரில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது பாங்கு உத்தியோகஸ்தர் வீட்டில். உருவானது பாங்கின் கண்டிப்பில். ஏற்றுக்கொண்ட பொறுப்பை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாதென்ற பயிற்சி அவருக்குக் காட்டிலிருந்து வந்திருக்கும் என்பதைவிட, சாயங்காலக் கணக்கிலிருந்து வந்திருக்கும் என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது. இதையும் நான் ஒரு சித்தாந்தமாக நிறுத்த விரும்பவில்லை. ஓர் ஊகமாகவே வைக்கிறேன்.

இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற மூனுக்கு 1917 ஆகஸ்டு 3-ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பதக்கத்தைச் சூட்டினார். பிறகு அவர் தாயகம் சென்றார். நொறுங்கிய தாடையோடு திரும்பி வந்தவரை, அதுவும் அப்பெரும் பதக்கம் பெற்றவரை, மீண்டும் போர்முனைக்குப் போகும்படி எவரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். அவரோ மறுபடியும் கப்பலேறி, 1918 ஆகஸ்டில் பிரான்ஸில் தம் பட்டாளத்தோடு சேர்ந்துகொண்டார். அப்பட்டாளம் அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் ஹிண்டன்பர்க் கோட்டை உடைத்த கடைசிப் பெருந்தாக்குதலிலும் பங்குகொண்டது. என்னைக் கேட்டால், மே 12-ஆம் தேதியைவிட இந்த இரண்டாவது புறப்பாடே அவருடைய சுபாவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பேன். போரின் உக்கிரத்தில் மனிதன் தன்னை மறந்து செய்யும் செயல்கள் உண்டு. பல வாரக் கடற்பயணத்தில் தன்னை மறப்பதற்கு வழியில்லை.

1919-இல் காப்டனாக உயர்ந்து, அவ்வாண்டிறுதிக்குள் சேவையிலிருந்து விடுபட்ட மூன் நேராக நேஷனல் பாங்குக்கே திரும்பினார். ஐந்தாண்டுகள் முன்பு விட்டுச்சென்ற மேசையில், வீரர்களாகத் திரும்பிய பலருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அவர் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தார். 1928-இல் கீலாங் நகரத்துக் கம்பளி வியாபார ஸ்தாபனமான டென்னிஸ் லாஸல்ஸில் சேர்ந்து, 1948-இல் அதன் ஜெனரல் மானேஜராகி, அப்பதவியிலிருந்து விலகிய பின்னும் பல்லாண்டுகள் டைரக்டராக நீடித்தார். மேய்ச்சல்காரர்கள் அனுப்பும் ஆட்டு ரோமத்தைத் தரம்பிரித்து ஏலத்துக்கு வைக்கும் அத்தொழிலில் ஆஸ்திரேலியாவின் செல்வமே அடங்கியிருந்தது எனலாம். பீன் போற்றிய நாட்டுப்புறத்தானின் உழைப்புக்குக் கணக்கு வைத்துப் பணம் பட்டுவாடா செய்தவர், கடைசியில், இந்தக் குமாஸ்தாதான்.

ரூபர்ட் மூன் 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, தமது தொண்ணூற்று மூன்றாவது வயதில், கீலாங்கில் காலமானார். அவரைப் பற்றி மேலும் அறிய விரும்பும் வாசகர்கள் பீனின் யுத்த சரித்திரத்தில் 1917-ஆம் ஆண்டைக் கூறும் நான்காவது தொகுதியைப் படிக்க வேண்டும். சித்தாந்தத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் சேகரித்துத் தந்திருக்கும் மனிதர்களை மட்டும் கவனித்துப் படித்தால் போதும்.